கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரம் பழக்கித் தர யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கோண்டாவில் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர்ப் பம்ப், உழவு இயந்திரம், படகு எஞ்சின் என்று தேய்ந்து வருவதையெல்லாம் கடைந்து கொடுக்கிறோம்.

என்னோடு மூன்று பொடியன்கள். அருமையான கைவேலை. வேர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீற்றர் வரை பிசகாமல் பார்ப்பார்கள். ஆனால் ஒருவரிடமும் சான்றிதழ் இல்லை, சிஎன்சி இயந்திரத்தைத் தொட்டதும் இல்லை.

அனுபவத்தை வைத்தே மதிப்பீடு செய்து என்விகியூ (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) தரும் முறை அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது, வகுப்புக்குப் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் அப்படி 3ஆம், 4ஆம் மட்டம் எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். செய்த வேலைக்கு என்ன ஆதாரம் கேட்டார்கள்? படங்கள் போதுமா, வாடிக்கையாளரின் கடிதமும் வேண்டுமா? கேள்விகள் தமிழில்தானா?

அப்புறம், ஜி-கோட் (சிஎன்சி இயந்திரத்துக்கான கட்டளைகள்) எழுதத் தெரிந்த யாராவது சனிக்கிழமை பின்னேரங்களில் வந்து பழக்க முடியுமா? முதலில் கணினியில் சிமுலேட்டர் போதும். உரிய சம்பளம் தருவேன்.

ஒருவன் கட்டாருக்குப் போக யோசிக்கிறான். மறிக்க மாட்டேன். போனாலும் உதவியாளாக இல்லாமல் தொழில் தெரிந்தவனாகப் போகட்டும். அவன் புறப்பட முன்னம் இதை முடிக்க வேண்டும், தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.