இன்டர்வியூல "இந்த கேப் ஏன்"னு கேட்டா எப்படி சொல்றது? குவாலிட்டி வேலை, வர்ற வியாழக்கிழமை

விழுப்புரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல், 2020 பேட்ச். அம்பத்தூர்ல ஒரு சின்ன மெஷின் ஷாப்புல ரெண்டரை வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தேன், அப்புறம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன், ஒன்றரை வருஷம் ஆச்சு, இப்பதான் அவர் தானா நடக்குறார். போன மாசம் ஒரகடத்துல ஒரு இன்டர்வியூ போனேன். செல்ஃப் இன்ட்ரோ மனப்பாடம் பண்ணிட்டுதான் போனேன், "மை நேம் இஸ்"ல ஆரம்பிச்சு அப்பா பேர் அம்மா பேர் ஹாபி வரைக்கும் ஒப்பிச்சேன், உடனே ஹெச்ஆர் "ஒன்றரை வருஷம் என்ன பண்ணீங்க"ன்னு கேட்டாங்க, அப்பா ஞாபகம் வந்து தொண்டை அடைச்சிருச்சு, ஒண்ணும் பேச வரல. அதுக்கப்புறம் சிபி, சிபிகே (பீஸோட அளவு லிமிட்டுக்குள்ள எவ்ளோ நல்லா நிக்குதுன்னு காட்டுற ரெண்டு நம்பர்) வித்தியாசம் கேட்டாங்க, அதுவும் பாதில நின்னுருச்சு. வர்ற வியாழன் ஸ்ரீபெரும்புதூர்ல இன்னொண்ணு இருக்கு. கேப், செல்ஃப் இன்ட்ரோ, வீக்னஸ், சம்பளம் இதுக்கெல்லாம் எப்படி தயார் பண்றதுன்னு யாராச்சும் சொல்லுங்க, இந்த வேலை எனக்கு ரொம்ப அவசியம்.

கியூசி_அண்ணன்:
தம்பி, முதல்ல அந்த மனப்பாடத்த விடு. நான் 14 வருஷமா குவாலிட்டில இருக்கேன், ஆள் எடுக்குறப்ப டெக்னிக்கல் ரவுண்டுல நானும் உக்காருவேன். நீ சொல்ற பதில்ல இருந்துதான் எங்க அடுத்த கேள்வி வரும், அதனால நீ கையால செஞ்ச வேலைய சொன்னா கேள்வியும் உனக்கு தெரிஞ்ச இடத்துலயே சுத்தும், புக்ல இருக்குறத சொன்னா புக்குக்குள்ள போயி மாட்டிக்குவ.

அம்பத்தூர்ல போர், அதான் பீஸ்ல போட்ட ஹோலோட அளவு, செக் பண்ணிருப்பல்ல? டிராயிங்ல 25 ஹெச்7 ஹோல்னு வச்சுக்கோ, 25.000 மிமீல இருந்து 25.021 மிமீ வரைக்கும் ஓகே. பிளக் கேஜ்னு ஹோலுக்குள்ள விட்டுப் பாக்குற கம்பி இருக்குல்ல, அதுல சின்ன லிமிட் அளவுல இருக்குற கோ சைடு போகணும், பெரிய லிமிட் அளவுல இருக்குற நோகோ போகக் கூடாது. கோ போகலன்னா ஹோல் சின்னது, ரீவொர்க்குக்கு வழி இருக்கு. நோகோ உள்ள போயிட்டா ஹோல் பெருசாயிருச்சு, எடுத்த மெட்டல திரும்ப ஒட்ட முடியாது, அந்த பீஸ் பெரும்பாலும் ஸ்கிராப்தான். அப்படி ஒரு நாள் நோகோ போனப்ப நீ என்ன பண்ணுன? மெஷின நிறுத்த சொன்னியா, ரெட் டேக் போட்டு தனியா வச்சியா, கடைசியா ஓகே ஆன பீஸ் வரைக்கும் பின்னாடி போயி எல்லாத்தையும் செக் பண்ணுனியா, யார்கிட்ட சொன்ன? இத வரிசையா சொல்றவன நான் வேலைக்கு எடுக்காம விடவே மாட்டேன், இங்கிலீஷ் தப்புத் தப்பா வந்தாலும் பரவால்ல, பாதி தமிழ்லயே சொல்லு.

சிபிகே இவ்ளோதான்: சிபி அளவு எவ்ளோ பரவிக் கிடக்குன்னு மட்டும் பாக்கும், சிபிகே அது நடுவுல இருக்கா ஒரு ஓரமா ஒதுங்கிருக்கான்னும் சேத்து பாக்கும். ஒரு ஓரமா ஒதுங்குனா சிபி நல்லா இருக்கும், சிபிகே விழுந்துரும். பொதுவா சிபிகே 1.33க்கு மேல கேப்பாங்க. ஒரு பேப்பர்ல மணி மாதிரி ஒரு கோடு, ரெண்டு பக்கமும் லிமிட் கோடு வரைஞ்சு பாரு, அப்புறம் மறக்கவே மறக்காது. லீஸ்ட் கவுன்ட், அதான் அந்த கருவில படிக்க முடியுற மிகச் சின்ன அளவு, வெர்னியருக்கு 0.02 மிமீ, மைக்ரோமீட்டருக்கு 0.01 மிமீ, இத எப்படி வருதுன்னு கணக்கோட தெரிஞ்சுட்டு போ.

ஹெச்ஆர்_அக்கா:
நான் ஹெச்ஆர் பக்கம் இருக்கேன், அதனால கேப் பத்தி மட்டும் சொல்றேன். அப்பாவ பாத்துக்கிட்டது மறைக்குற விஷயமே இல்ல தம்பி. நாங்க அத கேக்குறப்ப எங்க மனசுல ஓடுறது ஒண்ணுதான், இவர் திரும்பவும் திடீர்னு போயிடுவாரா. அதுக்கு பதில் சொன்னா போதும். "அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு, வீட்ல நான்தான் பாத்துக்கணும்னு இருந்துச்சு, இப்ப அவர் தானா நடக்குறார், அம்மா கூட இருக்காங்க, நான் எந்த ஷிப்டுக்கும் வர முடியும்." அதோட நிறுத்திடுங்க. இத வீட்ல யார்கிட்டயாவது பத்து தடவ சத்தமா சொல்லிப் பாருங்க, முதல் ரெண்டு தடவ அழுகை வரும், வரட்டும், அது வீட்டுலயே வந்து போயிட்டா அங்க வராது.

அந்த ஒன்றரை வருஷத்துக்கு சும்மா ஒரு கம்பெனி பேர் போட்டு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கித் தரேன்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு போயிடாதீங்க. உங்க பிஎஃப் நம்பரான யுஏஎன் ஹிஸ்டரில எங்க எப்ப சேந்தீங்க எப்ப விட்டீங்கன்னு தெரிஞ்சிரும், ஆஃபர் குடுத்த பிறகு கூட வேலை போகும்.

சம்பளம் கேட்டா ஒரு நம்பர் யோசிச்சு வச்சுக்கோங்க, ஆனா சிடிசி, அதான் உங்களுக்காக கம்பெனி பண்ற மொத்த செலவு, வேற, கைக்கு வர்றது வேற. வருஷத்துக்கு 3 லட்சம் சிடிசின்னா மாசம் 25,000 கைக்கு வராது, கம்பெனி போடுற பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும், உங்க பங்கு பிஎஃப் வேற பிடிப்பாங்க. "டேக் ஹோம் எவ்ளோ மேடம், பஸ்ஸும் கேன்டீனும் இருக்கா"ன்னு தைரியமா கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்.

விழுப்புரத்தான்:
அக்கா, அண்ணா ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி தங்கச்சிய உக்கார வச்சு சொல்லிப் பாத்தேன், நாலாவது தடவைதான் முழுசா வந்துச்சு. வீக்னஸ்க்கு "ஐ ஆம் எ பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்"னு ஃப்ரெண்டு சொல்லச் சொல்றான், ஓகேவா? எனக்கு உண்மையா சொல்லணும்னா ரிப்போர்ட் எக்ஸல்ல போடத் தெரியாது, அங்க எல்லாமே ரெஜிஸ்டர்ல கையாலதான் எழுதுவோம்.

கியூசி_அண்ணன்:
அந்த பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் வேணாம், வர்றவங்கள்ல பாதிப் பேர் அதத்தான் சொல்றாங்க. எக்ஸலயே சொல்லு. ஆனா வியாழனுக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு, இன்னைக்கே பிரவுசிங் சென்டர்ல உக்காந்து ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் ஃபார்மட் போட்டுப் பழகு, இருபது ரீடிங் போட்டு ஆவரேஜ், மேக்ஸ், மின் எடு. ஒரு பிரின்ட் ஃபைல்ல வச்சுக்கோ, எக்ஸல் தெரியாது இப்ப கத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்றப்ப அத எடுத்து காட்டு. சர்டிஃபிகேட் ஒரிஜினல மறந்துடாத.