மூடியைத் திறந்தார்கள், பிணத்தை எடுக்கவில்லை

என்னிடம் இரண்டு தேனீப் பெட்டிகள், பக்கத்துப் பக்கத்தில். ஒன்று எப்போதும் சுத்தம். மற்றதில் சுண்ணாம்புப் புழு நோய் (பூஞ்சையால் புழு சுண்ணாம்புக்கட்டி போல் இறுகிச் சாகும்) போவதும் வருவதுமாக இருந்தது. செத்ததைத் தேனீக்கள் வெளியேற்றுகின்றனவா என்று பார்க்க, இரண்டிலும் தலா நூறு மூடிய புழு அறைகளை மெல்லிய ஊசியால் குத்தி, உள்ளிருப்பதைக் கொன்று, குறித்து வைத்தேன்.

மறுநாள் முதல் பெட்டியில் 96 அறை காலி, அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. இரண்டாவதில் பாதிக்கு மேல் மூடி கிழிந்திருந்தது. உள்ளே கண் இளஞ்சிவப்பாகத் தொடங்கிய கூட்டுப்புழு அப்படியே கிடக்க, தேனீக்கள் அதன்மேல் நடந்து போயின. அந்த அரைகுறை வேலைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

தேடினால், தேனீ ஆய்வாளர் ராத்தன்பூலர் 1964-லேயே இதை எழுதியிருக்கிறார். நோய் தாங்கும் வம்சத்தையும் தாங்காததையும் கலந்து, அதைத் திரும்பவும் தாங்கும் வம்சத்தோடு சேர்த்து 29 கூட்டங்கள் எடுத்தார். 6 திறந்து அகற்றின; 9 திறந்ததோடு சரி; 14 தொடவே இல்லை. அந்த 14-க்கும் அவரே மூடியைத் திறந்து கொடுத்தபோது, 6 கூட்டங்கள் அகற்றின! திறக்க ஒன்று, அகற்ற ஒன்று என இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குணம் தெரியும்) என்பது அவர் கணக்கு. (அவ்வளவு எளிதில்லை, 2002-ல் மரபணுத் தொகுதியில் ஏழு இடங்கள் வரை சுட்டினார்கள்.)

உடனே சுத்தப் பெட்டியின் மகள் ராணியை மற்றதில் வைத்தேன். பெரிய மாற்றமில்லை. ஒடுங்கு குணம் அப்பன் பக்கமும் இருந்தால்தான் வெளிவரும். அவள் பறந்துபோய்க் கூடியதோ யாரோ வளர்த்த ஆண்களோடு.

பதில்: அண்ணே, ராணி 10 முதல் 20 ஆண்களோட கூடும். அதனால ஒரே பெட்டிக்குள்ளயே பல அப்பன் பிள்ளைங்க. எல்லாரும் சுத்தக்காரங்களா இருக்கணும்னு இல்லை, மோப்பம் கூர்மையா இருக்கற கொஞ்சம் பேர் போதும். நோய்ப் புழுவோட வாசனையை மத்தவங்களுக்கு முன்னாடியே அவங்க பிடிச்சிடுவாங்க. ஆனா ஊசி குத்தினா உடல் நீர் கசியும், மோப்பம் மந்தமானவளும் வந்துடுவா. மூடியிலயும் ஓட்டை. உங்க இரண்டாவது பெட்டியில வேலையைத் தொடங்கி வச்சது தேனீயா, உங்க ஊசியா?

மறுபதில்: நியாயமான கேள்வி தம்பி. ஊசி படாமல் புழு சாகட்டும் என்று அடையில் ஒரு துண்டு வெட்டி உறையவைத்திருக்கிறேன், நாளைக்குத் திரும்பப் பொருத்தி எண்ண வேண்டும். ஃபிரீசரில் என்ன இருக்கிறது என்று வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.