ட்ரெயின், கைப்பயிற்சி, ரிப்போர்ட்: குடும்பக் குழுவில்

அக்கா: மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. மார்பகத்தோட சேர்த்து அக்குள் நெறிக்கட்டியும் எடுத்துட்டாங்க. காயத்துல ஊறற நீரை உறிஞ்சி எடுக்க ட்ரெயின்னு ரெண்டு ட்யூப், நுனியில நசுக்கற பந்தோட தொங்குது. எல்லாரும் முறை வச்சு கண் முழிச்சீங்க, எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

அத்தை: அதெல்லாம் எதுக்கு கண்ணு, நீ நல்லா தூங்கு. ட்ரெயினை யார் பாக்கறது?

மாமா: நான்தான். காலையும் ராத்திரியும் காலி பண்ணச் சொன்னாங்க.

அத்தை: நடுவுல பாதி நிறைஞ்சாலும் காலி பண்ணிடுங்க மாப்பிள்ளை. சோப்பு போட்டு கை கழுவிட்டு, ஒரு கையால ட்யூபை தோல் பக்கத்துல அழுத்திப் பிடிச்சுக்கணும். இல்லன்னா தையல் இழுபடும். இன்னொரு கையால மேலேர்ந்து கீழ வழிச்சு விடுங்க, உறைஞ்ச ரத்தம் அடைச்சிருந்தா பந்துக்குள்ள இறங்கிடும். அப்புறம் மூடியைத் திறந்து அளவு கப்புல ஊத்துங்க. மூடியோட உள்பக்கம் விரல் படக்கூடாது. பந்தை நல்லா நசுக்கி, நசுக்கின கையை விடாமலே மூடுங்க. அங்கதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க. பந்து உப்பலா இருந்தா உறிஞ்சாது, நீர் உள்ளயே தேங்கிடும்.

தம்பி: மூடின கொஞ்ச நேரத்துல நீர் வராம பந்து மட்டும் உப்பினா?

அத்தை: காத்து போகுதுன்னு அர்த்தம். மூடியை மறுபடி அழுத்திப் பாருங்க. அப்பவும் உப்பினா ட்யூப் கொஞ்சம் வெளிய வந்திருக்கலாம். நீங்களா உள்ள தள்ளவே கூடாது, ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க.

தம்பி: நோட்டுல ட்யூப் 1, ட்யூப் 2ன்னு தனித்தனியா கோடு போட்டுட்டேன் மாமா. அளவு, நிறம், நேரம் மூணும் எழுதுங்க.

அத்தை: ஒரு ட்யூப்ல 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழ, ரெண்டு நாள் தொடர்ந்து வந்தா பொதுவா அதை எடுத்துடுவாங்க. காலைல 20, ராத்திரி 25ன்னா மொத்தம் 45, இன்னும் ஆகலை. ஒரு வேளைக் கணக்கைப் பாத்து ஏமாந்துடாதீங்க. முதல்ல சிவப்பா வரும், அப்புறம் ரோஸ், போகப்போக வெளிர் மஞ்சள். திடீர்னு புது ரத்தமா வேகமா நிறைஞ்சாலோ, நாத்தம் வந்தாலோ, காயம் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு சொல்லுங்க.

அக்கா: மேல்கை உள்பக்கம் மரத்துப் போயிருக்கு அண்ணி. எதுவும் தப்பா நடந்துடுச்சா?

அண்ணி: இல்லம்மா. அக்குள் வழியா போற உணர்ச்சி நரம்பு அடிபட்டா அப்படித்தான் இருக்கும். பல பேருக்கு மாசக்கணக்குல மெல்லக் குறையும், சிலருக்கு கொஞ்சம் தங்கிடும். அங்க வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீங்க, சுட்டாலும் தெரியாது.

பயிற்சி இன்னைக்கே ஆரம்பிக்கலாம்: விரலை மூடித் திற, முழங்கையை மடக்கி நீட்டு, தோளைத் தூக்கி இறக்கு. ட்ரெயின் எடுக்கற வரைக்கும் கை தோள் மட்டத்துக்கு மேல போக வேண்டாம். அப்புறம் டாக்டர் சரின்னதும் சுவத்துல விரலை ஏத்தற பயிற்சி. வலிக்குதுன்னு கையை உடம்போட ஒட்டியே வச்சா தோள் இறுகிடும், அதை மறுபடி விடுவிக்கறது பெரிய பாடு. கொஞ்ச நாள் கழிச்சு அக்குள்லேர்ந்து கயிறு மாதிரி ஒண்ணு இழுத்தா பயப்படாதீங்க, பிசியோல சரியாகும்.

அத்தை: ஊசி, பிரஷர் பாக்கறது எல்லாம் ஆபரேஷன் பண்ணாத பக்கத்துக் கையில. எங்க போனாலும் முன்னாடியே சொல்லிடு. வலி மாத்திரையில மலம் இறுகும், தண்ணி நிறைய குடி.

மாமா: பயாப்சி ரிப்போர்ட்ல எதைக் கேக்கணும்?

அத்தை: எடுத்த சதையோட ஓரத்துல கட்டி மிச்சமில்லையா, எத்தனை நெறிக்கட்டி எடுத்து எத்தனைல புற்றுநோய் இருக்கு, கட்டியில ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பிகள் இருக்கா, ஹெர்-2ங்கற புரதம் அதிகமா இருக்கான்னு. அதை வச்சுத்தான் கீமோவா, ரேடியேஷனா, மாத்திரையான்னு முடிவு பண்ணுவாங்க.

அக்கா: இவர் கப்பை மேஜைமேல வச்சு, கண்ணு கோட்டுக்கு நேரா வர்ற மாதிரி குனிஞ்சு பாத்து எழுதறார். அவ்வளவு கவனம். உங்க எல்லாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கேன்.

தம்பி: அக்கா, ரிவ்யூவுக்கு நான் கார் எடுத்துட்டு வரேன். சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வைக்க சின்னத் தலையணை ஒண்ணு எடுத்து வை.

மாமா: நோட்டும் பழைய ரிப்போர்ட்டும் ஒரே பையில போட்டுட்டேன்.