எழுத்துப் போடும் இரண்டு நிமிடம்: கதையின் பகுதியா, ஒட்டுவேலையா?

இரவுக்காட்சி எழுதியது:

டேவிட் ஃபிஞ்சர் இயக்கி 1995இல் வெளிவந்த ‘செவன்’ படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். குற்றத் திரில்லர் படங்களில் டைட்டில் காட்சி என்பது முதல் காட்சிக்கு நிகரானது, சில படங்களில் அதைவிடவும் மேலானது என்பது என் கருத்து. ஓய்வுபெறவிருக்கும் துப்பறிவாளர் சாமர்செட், நகரத்தின் இரைச்சல் காதில் விழாதிருக்க சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைத் தட்டவிட்டுப் படுக்கையில் சாய்கிறார். அதைத் தொடர்ந்து கைல் கூப்பர் வடிவமைத்த டைட்டில் காட்சி தொடங்குகிறது. அதில் ஒருவனுடைய கைகள் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. விரல்நுனித் தோலைச் சவர பிளேடால் சீவுகின்றன, தாள்களை ஊசிநூலால் தைத்து நோட்டுப் புத்தகமாக்குகின்றன, அச்சிட்ட வரிகளை மையால் அடிக்கின்றன, டாலர் நோட்டிலிருந்து ‘கடவுள்’ என்ற சொல்லை வெட்டி எடுக்கின்றன. பெயர்களைப் பிலிமின் மீதே கையால் கீறி எழுதியதால் அவை நடுங்கித் துள்ளுகின்றன. கொலைகாரனின் முகத்தைப் படத்தின் பிற்பகுதியில்தான் காண்கிறோம், ஆனால் அதற்கு முன்பே அவனோடு ஒரே அறையில் இரண்டு நிமிடம் இருந்துவிட்டோம். இதை வெறும் பெயர்ப் பட்டியல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கறுப்புவெள்ளை எழுதியது:

நண்பர் இரவுக்காட்சி விவரித்ததன் அழகை நான் மறுக்கவில்லை. அது திரைக்கதைக்கு உரிய வேலை என்பதைத்தான் மறுக்கிறேன். மனநிலை என்பது காட்சியிலிருந்து பிறக்க வேண்டும். ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தை முடுக்குகிறது, குண்டு காரின் பின்பெட்டிக்குள் போகிறது, கேமரா மேலெழுந்து மெக்சிகோ எல்லையோர ஊரின் தெருக்களில் அந்தக் காரைப் பின்தொடர்கிறது. மூன்று நிமிடத்துக்கும் மேலாக ஒரே ஷாட், ஒரு வெட்டும் இல்லை. இதன் மேல் யுனிவர்சல் நிறுவனம் பெயர்களை ஓடவிட்டு, ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றியது. காரைக் கவனிக்க வேண்டிய கண் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் படத்தொகுப்பைக் கண்டு வெல்ஸ் 58 பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். அதன் அடிப்படையில் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் 1998இல் மறுதொகுப்புச் செய்தபோது, அந்த ஷாட்டின் மேலிருந்த எழுத்துகள் நீங்கின, மதுக்கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் வழியும் இசை திரும்பி வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எழுத்து நீங்கிய வடிவத்தில்தான் வயிறு கலங்குகிறது.

இரவுக்காட்சி எழுதியது:

நீங்கள் எடுத்துக்காட்டிய படம் என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது, ஐயா. தனக்கென ஒரு தொடக்கம் உள்ள ஷாட்டின் மேல் வேறொருவர் பெயர்களை ஒட்டியதுதான் அங்கே நேர்ந்த தவறு. ‘செவன்’ படத்தில் எழுத்தும் கதையும் ஒரே கையால் எழுதப்பட்டவைபோல் இருக்கின்றன. கொலைகாரனாக நடித்த கெவின் ஸ்பேசியின் பெயர் தொடக்கத்தில் இடம்பெறவே இல்லை. யார் அவன் என்று ஊகிக்கும் வழியை அதனால் அடைத்துவிட்டார்கள். படம் முடிந்ததும் எழுத்துகள் வழக்கத்துக்கு மாறாக மேலிருந்து கீழாக இறங்குகின்றன. பெயர் போடுவதையும் கதைசொல்லலாகக் கருதியவர்கள் மட்டுமே இப்படிச் செய்வார்கள்.

நரம்பிசை எழுதியது:

இருவரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள், காதை விட்டுவிட்டீர்கள். ‘சைக்கோ’ (1960) படத்துக்கு சால் பாஸ் அமைத்த டைட்டிலில் கத்தியும் இல்லை, இரத்தமும் இல்லை. கோடுகள் குறுக்கிலும் நெடுக்கிலும் பாய்ந்து பெயர்களைத் துண்டாக்கிச் சேர்க்கின்றன, அவ்வளவுதான். பெர்னார்ட் ஹெர்மன் நரம்பிசைக் கருவிகளை மட்டும் வைத்து அமைத்த இசை அந்தக் கோடுகளை விரட்டுகிறது. பின்னர் பணத்தைத் திருடிக்கொண்டு நாயகி மரியன் தன் காரை ஓட்டும்போது அதே இசை திரும்புகிறது. அந்தச் சாலையில் யாரும் அவளைத் துரத்தவில்லை என்றாலும் நமக்கு மூச்சு முட்டுவதற்கு, டைட்டிலில் நம் உடம்பு அந்த இசைக்கு ஏற்கெனவே பழகிவிட்டதே காரணம்.

கறுப்புவெள்ளை எழுதியது:

‘சைக்கோ’ பற்றி நரம்பிசை சொன்னதை ஏற்கிறேன். அந்தத் தொடர்பை நான் கவனித்ததில்லை. ஆனால் ‘செவன்’ எடுத்த அதே ஃபிஞ்சரின் 2011ஆம் ஆண்டுப் படமான ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’ என் ஐயத்தை உறுதிப்படுத்துகிறது. பனி சூழ்ந்த வீட்டில், ஆண்டுதோறும் அஞ்சலில் வரும் காய்ந்த பூவைப் பற்றி ஒரு முதியவர் தொலைபேசியில் பேசுகிறார். அந்தத் துயரம் மனத்தில் தங்குவதற்குள் உரத்த ராக் பாடலும் கருந்திரவம் வழியும் உருவங்களும் திரையை அடைத்துக்கொள்கின்றன. முதியவர் உண்டாக்கிய அமைதி அங்கேயே உடைகிறது. மாறாக ‘ஸோடியாக்’ (2007) படத்தில், முதல் கொலைக்குப் பிறகு, கொலைகாரனின் கடிதம் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் அலுவலகத்துக்குள் வந்துசேரும்போதே பெயர்கள் அடக்கமாக வந்துபோகின்றன. கதை ஒரு கணமும் நிற்கவில்லை. எனக்கு வேண்டியது இதுதான். ‘செவன்’ டைட்டிலை நீக்கிவிட்டு மெட்ரோனோமிலிருந்து நேராக அடுத்த மழைக் காட்சிக்குப் போனால் எதை இழப்போம் என்று நண்பர் சொல்லட்டும்.

இரவுக்காட்சி எழுதியது:

2011ஆம் ஆண்டுப் படத்தைப் பொறுத்தவரை நான் உங்களோடு உடன்படுகிறேன். அந்தப் பூ எனக்கும் போதுமானதாக இருந்தது. உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொலைகாரனின் வீட்டுக்குள் காவலர்கள் நுழையும்போது அலமாரிகள் நிறைய நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் இருக்கும் என்று சாமர்செட் கணக்கிடுகிறார். டைட்டில் இல்லாவிட்டால் அது ஓர் எண்ணிக்கை, அதிர்ச்சியூட்டும் ஒரு தடயம். நானோ முதல்முறை அந்த அலமாரியைக் கண்டபோது, ஊசியில் நூல் கோத்த அந்தக் கைகளை நினைத்துக்கொண்டேன். ஒரு புத்தகத்தைத் தைக்க அவன் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தான் என்பதைப் பார்த்திருந்ததால், இரண்டாயிரம் புத்தகங்களுக்கு எத்தனை இரவுகள் ஆகியிருக்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.