இசை நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை உள்ளரங்கத் தரை நனைந்துவிடுகிறது – உதவி தேவை

அரங்கத்தான்:
அனைவருக்கும் வணக்கம். கடலோர நகர் ஒன்றிலுள்ள பல்நோக்கு உள்ளரங்கத்தில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். சனிக்கிழமை இரவு இசை நிகழ்ச்சி முடிந்தது. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு இறகுப்பந்துப் போட்டிக்காக மேட் விரிக்கச் சென்றபோது, யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனதுபோல் தரை முழுவதும் நனைந்திருந்தது. மேலேயிருந்தும் ஓரிரு இடங்களில் நீர் சொட்டியது. முதல் ஆட்டம் இரண்டு மணி நேரம் தாமதமானது. அடுத்த சனி, ஞாயிறிலும் இதே வரிசையில் நிகழ்ச்சிகள் இருப்பதால் விரைவாக வழி சொல்லுங்கள். ஏசி நன்றாகத்தான் இயங்குகிறது.

மழைநீர்வடி:
மேலேயிருந்து சொட்டுகிறது என்றால் முதலில் கூரையைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் நகரிலுள்ள கெம்பர் அரங்கக் கூரை 1979 ஜூன் 4 அன்று பெருமழையில் இடிந்து விழுந்ததை நினைவில் கொள்ளுங்கள். நகர வடிகால்களில் நீர் ஒரேயடியாகப் பாயக்கூடாது என்பதற்காகக் கூரையில் நீர் மெதுவாக வடியும்படியே அதை அமைத்திருந்தார்கள். தேங்கிய நீரின் பாரமும், தொங்கு இணைப்புகளில் களைத்துப்போன போல்ட்டுகளும் சேர்ந்து கூரையை வீழ்த்தின. அன்று உள்ளே நிகழ்ச்சி ஏதும் இல்லாதது நல்லூழ். உங்கள் கூரையின் வடிகுழாய் வாய்களில் இலை அடைத்திருக்கிறதா என்று இன்றே ஆள் ஏற்றிப் பாருங்கள்.

குளிர்கணக்கர்:
சனிக்கிழமை இரவு மழை பெய்ததா? தரை மரப்பலகையா, கான்கிரீட்டா? எத்தனை பேர் வந்திருந்தார்கள்? ஏசியை எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள்? இவை தெரியாமல் எந்த யோசனையும் இருட்டில் எறிந்த கல்தான்.

பழையகம்ப்ரசர்:
"ஏசி நன்றாகத்தான் இயங்குகிறது" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. குளிர்ச்சி வேறு, ஈரம் நீக்குவது வேறு என்பது முதலாண்டுப் பாடம். அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடும் ஈரவெப்பம் (வியர்வையும் மூச்சும் நீராவியாகக் கொண்டுபோகும் வெப்பம்) ஏறத்தாழ 45 வாட், அதாவது மணிக்கு 65 கிராமுக்குக் குறையாத நீராவி. ஐயாயிரம் பேர் என்றால் மணிக்கு 300 லிட்டருக்கு மேல். எழுந்து ஆடினால் இன்னும் கூடும். அந்த நீர்தான் உங்கள் தரையில் கிடக்கிறது. சில்லரின் (ஏசிக்குக் குளிர்நீர் தரும் இயந்திரத்தின்) கொள்ளளவைக் கூட்டாமல் இதற்குத் தீர்வு கிடையாது. இதை நான் இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன்.

அரங்கத்தான்:
மழை இல்லை. மெருகேற்றிய கான்கிரீட் தரை. ஏறக்குறைய ஐயாயிரம் பேர். ஏசி 22 டிகிரியில் வைத்திருந்தோம், இரவு 11.15 மணிக்கு நிறுத்தினோம்.

குளிர்கணக்கர்:
பழையகம்ப்ரசர் ஐயா, உங்கள் கணக்கு சரி, முடிவு சரியில்லை. கூட்டம் விட்ட நீராவியின் பெரும்பகுதியை ஏசியின் குளிர்ந்த குழாய்ச் சுருள் அப்போதே பிடித்து வடிகுழாயில் விட்டிருக்கும். நிகழ்ச்சி முடியும்போது உள்ளே 24 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருந்ததாகக் கொண்டால், அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 16 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 22 டிகிரியில் இருக்கும் தரையை அந்தக் காற்றால் நனைக்கவே முடியாது. ஆனால் விடியற்காலையில் கடலோர வெளிக்காற்று 27 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருந்தால் அதன் பனிநிலை 24 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த தரையில் பட்டதும், மோர்ச்செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் தரை வியர்த்துவிடும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: அவ்வளவு வெளிக்காற்று எந்த வழியாக உள்ளே வந்தது?

ஷட்டில்பிரியன்:
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? ஏசியை இரவு முழுவதும் ஓடவிட்டால் தரை காய்ந்துவிடுமே. ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். ஓர் இறகுப்பந்தின் எடை 4.74 முதல் 5.50 கிராம்தான், டக்ட் (ஏசிக் காற்றைக் கொண்டுவரும் குழாய்) காற்று பட்டாலே திசை மாறிவிடும்.

பழையகம்ப்ரசர்:
பார்வையாளர்கள் நிறைந்த அரங்கில் ஏசியை நிறுத்தச் சொல்லும் அறிவுரையை இப்போதுதான் கேட்கிறேன். காற்று ஆட்டத்தின் ஒரு பகுதி. ஆடுபவர் பழகிக்கொள்ள வேண்டும்.

ஷட்டில்பிரியன்:
பழகிக்கொள்வதாவது! திறந்தவெளியில் ஆடுவதற்கென்றே உலக இறகுப்பந்துச் சம்மேளனம் 2019இல் தனி ஆட்டமும் காற்றைத் தாங்கும் தனிப் பந்தும் அறிமுகப்படுத்தியதே, வழக்கமான பந்து காற்றில் நிற்காது என்பதால்தானே? ஒரு பக்கம் அடித்தால் கோட்டுக்கு வெளியே போகிறது, மறுபக்கம் அடித்தால் வலையைத் தாண்டவில்லை என்ற நிலையில் நீங்கள் ஒரு செட் ஆடிப் பாருங்கள்.

குளிர்கணக்கர்:
இருவரும் தனி இழையில் சண்டையிடலாம். ஆடுகளத்துக்கு நேர்மேலுள்ள காற்றுவாய்களை மூடி, பார்வையாளர் பக்கத்தை மட்டும் குளிர்வித்தால் இரண்டு பேரின் குறையும் ஓரளவு தீரும். அரங்கத்தான், சாமான்களை ஏற்ற லாரிகள் வந்தபோது கதவுகள் எப்படி இருந்தன?

அரங்கத்தான்:
பின்பக்க ஷட்டர்கள் இரண்டும் நான்கு மணி வரை திறந்தேதான் இருந்தன. மேடைப் புகையின் வாடை போகவேண்டும் என்பதற்காகக் கூரையிலுள்ள புகை வெளியேற்றும் விசிறிகளையும் இரவு முழுவதும் ஓடவிட்டோம். இது எப்போதும் செய்வதுதான் என்பதால் எழுதவில்லை.

குளிர்கணக்கர்:
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டீர்களே! தீ விபத்தின்போது புகையை இழுத்துத் தள்ளுவதற்காக வைத்த விசிறிகள் மேலே இழுக்க இழுக்க, திறந்த ஷட்டர் வழியே அதே அளவு கடற்காற்று கீழே நுழைந்து, ஏசியும் நின்றுவிட்ட கூடத்தில், பல மணி நேரம் குளிர்ந்து கிடந்த தரையின் மேல் படிந்திருக்கிறது. 1975 மே 20 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஸ்டான்லி கோப்பை ஐஸ் ஹாக்கி இறுதிச்சுற்றின் மூன்றாவது ஆட்டம் இதன் இன்னொரு வடிவம்: ஏசி இல்லாத அரங்கு, வெளியே வெக்கை, உள்ளே பனித்தரை. தரைமேல் மூடுபனி எழுந்து ஆட்டம் பலமுறை நின்றது. அதைக் கலைக்க ஆட்டக்காரர்களையே சுற்றிச் சுற்றிச் சறுக்கவிட்டார்கள்.

அடுத்த முறை விசிறிகளைத் தீ எச்சரிக்கைப் பலகையோடு இணைந்த தானியங்கி நிலையிலேயே விட்டுவிடுங்கள், கையால் ஓட்ட வேண்டாம். லாரி ஏற்றி முடியும்வரை ஏசியை நிறுத்தாமல், ஒரு ஷட்டரை மட்டும் திறந்து, அதற்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிடுங்கள். தரையின் வெப்பத்தையும் காற்றின் பனிநிலையையும் இரவில் மூன்று முறை குறித்துவையுங்கள். தரைவெப்பம் எப்போதும் பனிநிலையைவிட இரண்டு மூன்று டிகிரி மேலே இருக்க வேண்டும். மேலிருந்து சொட்டுவது பெரும்பாலும் டக்ட் வியர்வையாக இருக்கும். விளக்கு கட்ட ஏறியவர்களின் கால்பட்டு இன்சுலேஷன் மேலுள்ள அலுமினியத் தாள் கிழிந்திருந்தால், அந்த இடம் கறுத்து, பஞ்சு நைந்து தொங்கும்.

மழைநீர்வடி:
கூரை வடிகுழாயையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்றே இன்னமும் சொல்கிறேன்.

அரங்கத்தான்:
நேற்றிரவு விசிறிகளை ஓட்டவில்லை. ஏசி மூன்றரை மணி வரை ஓடியது. காலை ஐந்து மணிக்குத் தரை 22.5, பனிநிலை 18. மேட் விரிக்கும்போது தரை காய்ந்திருந்தது. கிழக்குக் காலரிக்கு மேலே டக்ட் வளைவில் ஒரு சாண் அளவுக்குத் தாள் கிழிந்து கறுத்திருக்கிறது, அது மட்டும் சொட்டுகிறது. புகை வாடை போகவில்லை என்று போட்டி அமைப்பாளர்கள் புகார் எழுதியிருக்கிறார்கள். நன்றி.

பழையகம்ப்ரசர்:
சில்லரின் கொள்ளளவு எவ்வளவு என்பதை நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை.