துண்டு துண்டாக வரும் சார்பில் மதிப்பு காண்பது: மார்க் எங்கே போகிறது?

(நான்கு கடலோர ஊர்களின் கணித ஆசிரியர்கள் பேசிக்கொண்டது; பேசுபவரை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறது.)

மண்டபம்:
பத்தாம் வகுப்பு 'உறவுகளும் சார்புகளும்' பாடத்தில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது, எக்ஸ் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சூத்திரம் மாறும் இந்தத் துண்டுச் சார்பில்தான். இப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

எஃப்(எக்ஸ்) =
3எக்ஸ் + 8 ; எக்ஸ் < −2
எக்ஸ்² − 5 ; −2 ≤ எக்ஸ் < 4
2எக்ஸ் + 1 ; எக்ஸ் ≥ 4

எஃப்(−5) கேட்டால் மூன்றிலும் −5-ஐப் போட்டு மூன்று விடை எழுதி வைக்கிறார்கள். ஒரு எண்ணுக்கு ஒரு துண்டுதான். இடப்பக்கச் சூத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டு வலப்பக்க நிபந்தனையை மட்டும் முதலில் படிக்கச் சொல்லுங்கள். −5 முதல் வரியில் அடங்குகிறது. −15 + 8 = −7. முடிந்தது.

தொண்டி:
சார் சொன்னது சரி, ஆனால் குறை எண் வந்தால் நிபந்தனையையே தப்பாகப் படிக்கிறார்கள். −2.5 எந்தத் துண்டு என்றால் நடுத்துண்டைக் காட்டுவார்கள், 2.5 பெரியது என்ற நினைப்பில். நம்ம கரைப் பிள்ளைகளுக்குக் கடல்மட்டத்தை 0 என்று வைத்து, கடலாழத்தை அளக்கும் பாகக் கணக்கில் ஒவ்வொரு பாகமாகக் கீழே இறங்கச் சொன்னால் போதும். இரண்டரைப் பாகம், இரண்டு பாகத்துக்கும் கீழே. ஆகவே எஃப்(−2.5) = −7.5 + 8 = 0.5. நடுத்துண்டில் போட்டால் 1.25 வரும், தப்பு.

அடைப்புக்குறியை விடுவதும் அடிக்கடி நடக்கிறது. −2² என்று எழுதி −4 எடுத்து −9-இல் முடிக்கிறார்கள். (−2)² = 4, எஃப்(−2) = −1.

கீழக்கரை:
எல்லை எண்ணில் சமக்குறி எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரிதான் செல்லும். எஃப்(4) = 9. எஃப்(3.9) = 10.21 வருவதைப் பார்த்து 4-க்கு 11 என்று எழுதிவிடக் கூடாது. வரைபடத்தில் (4, 11) திறந்த வட்டம், (4, 9) நிரப்பிய புள்ளி.

இதைப் புரியவைக்க மீன்பிடித் தடைக்காலம் நல்ல உதாரணம். நம்ம கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. லீப் அல்லாத ஆண்டில் அவை 105-ஆவது, 165-ஆவது நாட்கள். ஆண்டின் நாள் எண்ணை எக்ஸ் என்று வைப்போம்; தடை இருந்தால் 0, இல்லையென்றால் 1. 105 ≤ எக்ஸ் ≤ 165 என்றால் ஜி(எக்ஸ்) = 0, மற்ற நாட்களில் 1. ஜி(165) = 0, ஜி(166) = 1. 165-இல் 105-ஐக் கழித்து 60 நாள் என்பவர்கள் ஒரு முனையை விட்டுவிடுகிறார்கள். இரண்டு முனையிலும் சமக்குறி இருப்பதால் 61. லீப் ஆண்டில் எல்லைகள் 106, 166 ஆகிவிடும்; அப்போது ஜி(166) = 0.

ராமேஸ்வரம்:
எஃப்(எஃப்(3)) கொடுத்துப் பாருங்கள். உள்ளே எஃப்(3) = 4. அந்த 4 மூன்றாம் துண்டுக்குப் போகிறது, விடை 9. முதலில் பிடித்த நடுத்துண்டை விடாமல் 16 − 5 = 11 என்று எழுதுவதுதான் வழக்கமான தப்பு. புது எண் கைக்கு வந்தால் நிபந்தனையைப் புதிதாகப் படிக்க வேண்டும்.

[எஃப்(4) + 2எஃப்(−2)] / எஃப்(3) மாதிரி வந்தால் 9, −1, 4 என்று மூன்றையும் தனித்தனி வரியில் எழுதிவிட்டுப் பிறகு சேருங்கள்: (9 − 2)/4 = 7/4. 2எஃப்(−2)-ஐ எஃப்(−4) ஆக்கினால் 5/4 வந்து நிற்கும்.

ஓர் எல்லை எண்ணுக்கு எந்த வரியிலும் சமக்குறி இல்லையென்றால் அது மதிப்பகத்திலேயே, அதாவது சார்பு ஏற்கும் எண்களின் தொகுப்பிலேயே, இல்லை. அங்கே 0 போடாமல், 'வரையறுக்கப்படவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள்.