ஒளியியல் யூனிட் டெஸ்டுக்கு ஒரு மார்க் கேள்விகள்: சாட்பாட்டிடம் எப்படிக் கேட்பது?

பிடி_சயின்ஸ்:
அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், தமிழ் வழி. பத்தாம் வகுப்பு ஒளியியலுக்கு யூனிட் டெஸ்ட் வைக்கணும். "ஒளியியலில் 20 ஒரு மார்க் கேள்வி கொடு" என்று கேட்டால் குறுக்கீட்டு விளைவு, புரூஸ்டர் கோணம் என்று பிளஸ் டூ சமாசாரமெல்லாம் வருகிறது. "எளிமையாகக் கொடு" என்றால் ஐந்தாம் வகுப்புக்கு இறங்கிவிடுகிறது. ஆப்ஷன்களில் நீளமாக இருப்பதே பெரும்பாலும் விடை. எங்கள் பசங்க கேள்வியைப் படிக்காமலே டிக் அடித்துவிடுவார்கள். பிராம்ப்டில் என்னதான் எழுதணும்?

பழைய_ஃபிசிக்ஸ்:
டீச்சர், பாடத்தின் பெயரைச் சொன்னீர்கள், பசங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. பி.எட். பயிற்சிக்கு வருகிறவரிடம் வேலை கொடுத்தால், எதுவரை நடத்தியாச்சு, பசங்க எங்கே சறுக்குவாங்க என்று சொல்லித்தானே கொடுப்போம்? இதற்கும் அதேதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குவிலென்ஸ், குவியத் தொலைவு 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தொலைவில். பிம்பம் 60 செ.மீ.-இல் விழும். பொருளின் தொலைவுக்கு மைனஸ் போடாத பையனுக்கு 12 வரும். இரண்டு எண்ணையும் சும்மா கூட்டியவனுக்கு 50, கழித்தவனுக்கு 10. ஆப்ஷன்களில் இந்த நான்கும் இருந்தால் போதும், யாருக்கு எங்கே கோளாறு என்று பேப்பரே சொல்லிவிடும். நீங்கள் கேட்காமல் சாட்பாட் இதைச் செய்யாது. 55, 65 என்று பக்கத்து எண்களைப் போட்டு நிரப்பும்.

நான் எழுதுவது கிட்டத்தட்ட இப்படி:

"இணைத்துள்ள பக்கங்களில் இருப்பதை மட்டும் வைத்து, லென்ஸ் சமன்பாட்டில் 5 ஒரு மதிப்பெண் கணக்குகள் கொடு. பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. குறியீட்டு மரபும் கலைச்சொற்களும் இந்தப் பக்கங்களில் உள்ளபடியே. ஒவ்வொரு தவறான விடையும் மாணவர் செய்யும் ஒரு பிழையிலிருந்து வர வேண்டும்: குறியை விடுவது, கடைசியில் தலைகீழாக்க மறப்பது, வெறுமனே கூட்டுவது. எந்த விடை எந்தப் பிழை என்று தனியாக எழுது. 'மேற்கண்ட அனைத்தும்' வேண்டாம்."

அந்த "தனியாக எழுது" என்பதை விட்டுவிடாதீர்கள். திருத்தும்போது 12 போட்டவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டே போனால், மறுநாள் யாரை எதற்கு உட்கார வைப்பது என்று தெரிந்துவிடும்.

"நீ உலகப் புகழ்பெற்ற ஆசிரியர்" என்று தொடங்கச் சொல்லி யூடியூபில் பாடம் எடுக்கிறார்கள். எனக்கு அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அப்புறம், தமிழ் பிடிஎஃப்பிலிருந்து காப்பி அடித்து ஒட்டினால் எழுத்துகள் சிதறிப் போகலாம். பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

மூணாங்கிளாஸ்_டீச்சர்:
சார் சொல்வது சின்ன வகுப்புக்கும் பொருந்துகிறது. எண்ணும் எழுத்தும் (தமிழ்நாடு அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம்) வகுப்பில் பசங்களை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிப்போம், ஒரே கதையை மூன்று நிலைக்கும் கேட்பேன். "அரும்பு நிலைக்கு" என்று மட்டும் சொன்னால் பூவைப் பற்றிக் கதை எழுதித் தருகிறது! அதனால் மூன்று நிலைக்கும் தலா நாலு வரி நானே எழுதி, "இதைவிடக் கடினமாகப் போகாதே" என்று சேர்த்துவிடுவேன். விளக்கம் கொடுப்பதைவிட மாதிரி கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

பிடி_சயின்ஸ்:
நன்றி சார், நன்றி டீச்சர். இப்போது நன்றாக வருகிறது. ஆனால் ஒரு கேள்வியில் பொருளைச் சரியாகக் குவியத்திலேயே வைத்துவிட்டது, ஆப்ஷன் நான்கும் எண்கள்! இன்னொன்று: பசங்க விடைத்தாளையே போட்டோ எடுத்துப் போட்டு, என்ன தப்பு அதிகம் என்று கேட்கலாமா?

பழைய_ஃபிசிக்ஸ்:
கேட்கலாம். பெயர், எமிஸ் எண் (கல்வித்துறை மாணவருக்குக் கொடுக்கும் எண்) இருக்கும் மேல்பகுதியை மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். கிறுக்கலான கையெழுத்தை அதுவே ஏதோவொன்றாக ஊகித்துப் படித்துவிடும், அதனால் நாலைந்து தாளையாவது கூடவே பாருங்கள்.

குவியக் கேள்வியைத் தூக்கிப் போடாதீர்கள், நல்ல கேள்வி அது. பொருள் குவியத்தில் இருந்தால் பிம்பம் முடிவிலிக்குப் போய்விடும், எண்ணாக விடை வராது. புதிதாக ஆரம்பிக்காமல் அதே உரையாடலில், "3-ஆம் கேள்வியில் பொருள் குவியத்தில் இருக்கிறது, ஒரு ஆப்ஷனை ஈறிலாத் தொலைவு என்று மாற்று, மற்றதைத் தொடாதே" என்று சொல்லுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்து கணக்கையும் கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். விடைக்குறிப்பிலும் இதே மாதிரி ஏதாவது இருக்கும்.